பகைவர்கள் வளர்த்த தோட்டம்

சரித்திரப் பிரசித்தி பெற்ற ஊர்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கற்களைத் தேடிக்கொண்டுதான் போகிறார்கள். செஞ்சிக்குப் போனால் கோட்டை. மாமல்லபுரத்துக்குப் போனால் கற்கோயில். ஹம்பிக்குப் போனால் இடிந்த மண்டபங்களும் பாழடைந்த கடைத் தெருக்களும். இதில் தவறொன்றும் இல்லை. கல்லுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஐந்நூறு வருஷம் யாரும் திரும்பிப் பார்க்காவிட்டாலும் அது கிடந்த இடத்தில் கிடக்கும். முள் முளைக்கும், வௌவால் குடியேறும், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் தொல்பொருள் இலாகாக்காரர்கள் வந்து முள்ளை வெட்டி, வௌவாலை விரட்டி, நீலப் பலகை ஒன்றை நட்டுவிட்டால் மறுபடியும் அது சரித்திரமாகிவிடும்.

தோட்டத்தின் சமாசாரம் வேறு. இரண்டு கோடைக் காலம் தண்ணீர் இல்லாமற் போனால் ரோஜாப் பாத்தி போய்விடும். பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால் மாதுளை நின்ற இடத்தில் எருக்கு நிற்கும். ஐம்பது வருஷம் கழித்து, "இங்கே ஒரு நந்தவனம் இருந்தது" என்று சொன்னால், சொன்னவருடைய புத்தியைத்தான் சந்தேகிப்பார்கள். ஆகையால், ஒரு தோட்டம் 260 வருஷங்களுக்கு மேலாக உயிரோடு இருக்கிறது என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. அத்தனை வருஷமும் யாரோ ஒருவர் விடாமல் அதற்குத் தண்ணீர் விட்டு வந்திருக்கிறார். ராஜ்யம் கைமாறிய வருஷத்திலும் விட்டிருக்கிறார்; பீரங்கி முழங்கிய வருஷத்திலும் விட்டிருக்கிறார்.

பெங்களூரில் இருக்கும் லால்பாக் அப்படிப்பட்ட தோட்டம். அது 1760-ஆம் ஆண்டில் போடப்பட்டது. இன்றைக்கும் பச்சைப் பசேலென்று இருக்கிறது. இதன் இடையே வந்த யுத்தங்களையும் ஆட்சி மாற்றங்களையும் எண்ணிப் பார்த்தால் இது சாமானியமான விஷயம் அல்ல என்பது விளங்கும்.

நம்மவர்களில் லால்பாக் பார்க்காதவர்கள் குறைவு. பெங்களூரில் தங்கைக்கோ மைத்துனருக்கோ உத்தியோகம் இருக்கும், பள்ளிக்கூட விடுமுறையில் குடும்பத்தோடு போய் இறங்குவோம், இரண்டாம் நாள் காலையில், "லால்பாக் போகலாமா?" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். போய்க் கண்ணாடி மாளிகையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வோம். பூக்களாலேயே முகப்பு அமைந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்து, கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்போம். பையன்கள் பாறைமேல் ஏறுவார்கள். பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வார்கள். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும் சமயமானால் கூட்டத்தில் ஒருவரையொருவர் தொலைத்துத் தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். பிறகு மாவள்ளியில் இருக்கும் பழைய சிற்றுண்டிச்சாலையில் தோசையும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவோம். இதுதான் லால்பாக் யாத்திரை.

இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாக, யார் எதை வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே நடந்து பார்க்கலாம்.

பையன்கள் ஏறும் பாறையிலிருந்தே ஆரம்பிக்கலாம். அது வெறும் பாறை அல்ல. ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்கிறார்கள். தக்ஷிண பீடபூமியின் அடித்தளமாக இருக்கும் பாறை வகை இங்கே வெளியே தலைகாட்டுகிறது. அதனால் இதைத் தேசிய பூகர்ப்பச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். 300 கோடி என்ற எண்ணைக் கேட்டதும் நமக்குத் தலை சுற்றுகிறது. அந்தக் கணக்கில் ஹைதர் அலி நேற்றுக் கூட அல்ல, இப்போதுதான் இந்த வழியாகப் போனார் என்று சொல்ல வேண்டும். பாறையின் உச்சியில் சிறிய கோபுரம் ஒன்று இருக்கிறது. 1537-ஆம் ஆண்டில் பெங்களூரை ஸ்தாபித்த கெம்பே கௌடரின் வம்சத்தார், நகரத்தின் நான்கு பக்கங்களிலும் கட்டிய நான்கு கோபுரங்களில் இது ஒன்று. நகரம் இந்தக் கோபுரங்களின் எல்லைவரை வளரும் என்று அவர்கள் எதிர்பார்த்ததாகச் சொல்வார்கள். இன்றைக்குப் பாறை உச்சியில் நின்று பார்த்தால், நகரம் கோபுரத்தைத் தாண்டி எத்தனை மைல் போயிருக்கிறது என்று கண்ணுக்கு எட்டவில்லை. எல்லை என்று வைத்த கோபுரம் இப்போது நடு ஊரில் நிற்கிறது.

இப்போது 1760-க்கு வருவோம். நாவலாசிரியர்கள் கற்பனை செய்யத் தேவையே இல்லாத வருஷம் அது.

அப்போது மைசூர் சிம்மாசனத்தில் இரண்டாவது கிருஷ்ணராஜ உடையார் பெயரளவுக்கு அமர்ந்திருந்தார். காரியம் பார்த்தவர் ஹைதர் அலி. பெங்களூர் அவருக்கு ஜாகீராகக் கிடைத்திருந்தது. அவரால் முன்னுக்கு வந்த காண்டே ராவ் என்பவரே அரண்மனையோடு சேர்ந்துகொண்டு அவருக்கு எதிராகக் கிளம்பினார். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரின் இருப்பிடத்தின்மேல் பீரங்கிகள் திரும்பின. மனைவி மக்களை அங்கேயே விட்டுவிட்டு, கைக்கு அகப்பட்ட சிலருடன் இரவோடிரவாகக் காவிரியைக் கடந்து தப்பினார் ஹைதர். பின்னால் விட்டுவந்த குழந்தைகளில் ஒருவன் சிறுவன் திப்பு. குதிரைமேல் ஓடிவந்து ஹைதர் அடைக்கலம் புகுந்த ஊர் பெங்களூர். அந்தக் கோட்டைக் கதவும் சாத்தியிருந்தால் ஹைதர் அலி என்ற பெயர் சரித்திரத்தில் ஒரு வரியோடு முடிந்திருக்கும். கதவு திறந்தது. மறு ஆண்டே காண்டே ராவ் கூண்டில் அடைபட்டார். ஹைதர் மைசூரின் எஜமானர் ஆனார்.

லால்பாக்கின் பிறந்த வருஷமும் இந்த 1760-தான். உயிர் தப்பினால் போதும் என்று இருக்க வேண்டிய வருஷத்தில் ஒரு மனிதர் தோட்டம் போட நினைத்திருக்கிறார்! மொகலாய அதிகாரிகள் ஆண்ட சிரா என்னும் ஊரில் அழகான தோட்டம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து மயங்கியே ஹைதர் இதை அமைத்தார் என்று சொல்வார்கள். ஆரம்பத்தில் ஏறக்குறைய 40 ஏக்கர். லால்பாக் என்றால் சிவப்புத் தோட்டம். சிவப்பு ரோஜாக்கள் நிறைந்திருந்ததால் இந்தப் பெயர் என்பாரும் உண்டு. அருமையான தோட்டம் என்று பொருள் சொல்வாரும் உண்டு.

தோட்டம் போட்டவர் ஆகையால் ஹைதர் சாந்த சொரூபி என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நம் தொண்டை மண்டலத்துக் கிராமங்களைக் கேட்டால் வேறு கதை சொல்லும். 1780-ஆம் ஆண்டில் பெரும் சைன்யத்தோடு கணவாய்களைத் தாண்டி இறங்கிய ஹைதரின் குதிரைப்படை, கர்நாடக நவாபின் சீமையில் ஊர் ஊராக எரித்துக்கொண்டு போயிற்று. விளைந்த பயிர் குதிரைகளுக்குத் தீனியாயிற்று. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓடினார்கள். 'ஹைதர் கலாபம்' என்று அதற்குப் பின் வெகு காலம் பாட்டிமார்கள் பேரன்களிடம் சொல்லி வந்தார்கள். பெங்களூரில் மாதுளங்கன்றுக்குப் பாத்தி கட்டச் சொன்ன வாயிலிருந்துதான் அந்த உத்தரவுகளும் வந்தன. மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். சரித்திரத்தில் இவரை நல்லவர் பட்டியலில் சேர்ப்பதா, கெட்டவர் பட்டியலில் சேர்ப்பதா என்று தடுமாறுகிறவர்கள் லால்பாக்கின் நிழலில் சற்று நேரம் உட்கார்ந்து யோசிக்கலாம். பதில் கிடைக்காவிட்டாலும் நிழல் கிடைக்கும்.

ஹைதர் 1782-இல் இறந்தார். திப்பு சுல்தானுக்குத் தகப்பனாரைக் காட்டிலும் செடிப் பைத்தியம் அதிகம். தேச தேசாந்தரங்களிலிருந்து விதைகளும் கன்றுகளும் தருவித்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில், காவிரித் தீவின் கிழக்குக் கோடியிலும் ஒரு லால்பாக் இருந்தது. அங்கே தகப்பனாருக்குத் திப்பு எழுப்பிய சமாதிதான் இன்று நாம் 'கும்பஸ்' என்று பார்க்கும் கட்டடம். ஆக, மைசூர் ராஜ்யத்தில் லால்பாக் என்ற பெயரில் இரண்டு தோட்டங்கள் இருந்தன: ஒன்று பெங்களூரில், ஒன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில். இரண்டும் ஒரே குடும்பத்தின் கையால் வளர்ந்தவை. அவை இரண்டும் என்ன ஆயின என்பதுதான் கதை.

1791-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கார்ன்வாலிஸ் பிரபு பெங்களூரை முற்றுகையிட்டார். பத்து வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் வாஷிங்டனிடம் தோற்று அவமானப்பட்ட அதே கார்ன்வாலிஸ்தான். இந்தத் தடவை தோற்பதில்லை என்று வந்திருந்தார். மார்ச்சு 21-ஆம் தேதி இரவு, நிலா வெளிச்சத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கோட்டைச் சுவரில் ஏறினார்கள். கோட்டை விழுந்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கும்பினிப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தீவில் இறங்கி, அங்கிருந்த லால்பாக்கில் முகாம் போட்டது. முற்றுகைக்குச் சாமான்கள் வேண்டும். அகழியைத் தூர்க்க மிலாறுக் கட்டுகள் வேண்டும். பீரங்கி மேடைகளுக்கு மண் நிரப்பி அடுக்கும் கூடைகள் வேண்டும். சுற்றிலும் வேறு மரம் அவ்வளவாக இல்லை. திப்பு ஆசையோடு வைத்த சைப்ரஸ் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. கோடரிகள் எடுத்து வரப்பட்டன. சில நாட்களில் தோட்டம் மொட்டையாகிவிட்டது. அங்கிருந்த மாளிகை காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி ஆயிற்று. கோட்டை மதில்மேல் நின்று பார்த்தால் தகப்பனாருடைய சமாதியைச் சுற்றி நின்ற மரங்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்வது திப்புவின் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அந்த மாத முடிவிலேயே அவர் சமாதானத்துக்கு இசைந்து, தம் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக அனுப்ப வேண்டியதாயிற்று.

ஸ்ரீரங்கப்பட்டணத்து லால்பாக் அதன்பிறகு பழைய நிலைக்கு வரவில்லை. 1799 மே 4-ஆம் தேதி திப்பு போரில் மடிந்தார். மறுநாள் அவரை அதே இடத்தில், தாய் தந்தையருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இன்று அங்கே போகிறவர்கள் சமாதியைப் பார்க்கப் போகிறார்களே தவிர, தோட்டத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இல்லை. கல் நின்றது, தோட்டம் போயிற்று.

பெங்களூர்த் தோட்டம் தப்பியது. அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. 1792 சமாதானத்தின்படி பெங்களூர் திப்புவுக்குத் திரும்பக் கிடைத்தது. கிடைத்ததும் அவர், வெள்ளைக்காரனைத் தடுக்க உதவாத கோட்டை எதற்கு என்று பெங்களூர்க் கோட்டையை இடிக்கச் சொல்லிவிட்டார். தகப்பனார் கட்டிப் பலப்படுத்திய கோட்டையை இடித்தவர் தகப்பனார் போட்ட தோட்டத்தை இடிக்கவில்லை.

திப்பு மடிந்த மறு ஆண்டு, 1800-இல், புக்கானன் என்ற வைத்தியர் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் உத்தரவுப்படி சென்னையிலிருந்து புறப்பட்டு, புதிதாகக் கைக்கு வந்த மைசூர்ச் சீமையைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெழுதினார். பெங்களூர்த் தோட்டத்தையும் பார்த்தார். சதுரம் சதுரமாகப் பாத்திகள், நடுவே நடைபாதைகள், பாதை ஓரங்களில் சைப்ரஸ் மரங்கள், ஒரு சதுரம் முழுவதும் ரோஜா, இன்னொரு சதுரம் முழுவதும் மாதுளை என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். எஜமானன் செத்து ஒரு வருஷம் ஆகிறது. பாத்திகள் பாத்திகளாகவே இருக்கின்றன. அந்த ஒரு வருஷம் தண்ணீர் இறைத்தது யார்? புக்கானன் பெயர் குறிக்கவில்லை. எந்தச் சரித்திரக்காரர்தான் குறித்தார்?

இனித் தோட்டம் வென்றவர்கள் கையில். அவர்கள் செய்திருக்கக்கூடிய காரியங்கள் பல. பட்டாளத்துக்கு இடம் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஏலம் போட்டிருக்கலாம். 'சுல்தானின் ஞாபகம் எதற்கு?' என்று அழித்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. கொஞ்ச காலம் வா என்ற ராணுவ உத்தியோகஸ்தர் அதைப் பராமரித்தார். 1819-இல் அது கல்கத்தாவில் டாக்டர் வாலிச் நடத்திவந்த தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் வந்தது. பிறகு கமிஷனர் கப்பன் துரையின் நாளில் 1856-ஆம் ஆண்டு சர்க்கார் தாவரத் தோட்டம் ஆயிற்று. சென்னை ராஜதானியின் காட்டு இலாகாவுக்குத் தலைவராக இருந்த டாக்டர் கிளெக்ஹார்ன் யோசனை சொன்னார். லண்டனை அடுத்த கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் நியூ என்பவர் வந்து பொறுப்பேற்றார்.

1874-இல் ஜான் காமரன் வந்தார். 1908 வரையில், 34 வருஷம், அவர் இந்தத் தோட்டத்திலேயே இருந்தார். இதற்கிடையில் 1881-இல் ஆங்கிலேயர்கள் மைசூரை உடையார் வம்சத்து மகாராஜாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆங்கிலேயரின் தோட்டம் மறுபடி மகாராஜாவின் தோட்டம் ஆயிற்று. துரையோ அதே துரை. காமரனுக்கு நம் வீட்டுச் சமையலறையும் ஒரு விதத்தில் கடன்பட்டிருக்கிறது. மெக்ஸிகோ தேசத்துக் கொடி ஒன்றை இங்கே கொண்டுவந்து பரப்பியவர் அவரே என்பார்கள். கன்னடத்தில் அதன் காய்க்குச் சீமைக் கத்தரிக்காய் என்று பெயர். தமிழ்நாட்டில் பலர் பெங்களூர்க் கத்தரிக்காய் என்றார்கள். சௌசௌ என்றால் எல்லோருக்கும் தெரியும். தேங்காய் அரைத்து விட்டுக் கூட்டு வைத்துச் சாப்பிடும்போது ஹைதர், திப்பு, காமரன் ஆகிய மூவரையும் நினைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்தக் கூட்டுக்குப் பின்னால் இத்தனை சரித்திரம் இருக்கிறது.

கண்ணாடி மாளிகையும் காமரன் காலத்ததுதான். லண்டனில் 1851-இல் பெரிய கண்காட்சிக்காகக் கட்டிய பளிங்கு மாளிகையை மனத்தில் வைத்துக் கட்டியது. 1889 நவம்பர் 30-ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் பேரர் ஆல்பர்ட் விக்டர் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். இரும்புத் தூண்களும் சட்டங்களும் ஸ்காட்லாந்தில் வார்த்துக் கப்பலில் வந்தவை. பின்னால் 1935-இல் மாளிகையை நீட்டிக் கட்டியபோது இரும்பு சீமையிலிருந்து வரவில்லை; மைசூர் ராஜ்யத்துப் பத்ராவதித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆயினும் அந்த 46 வருஷத்தில் தேசம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது அந்த இரும்பில் இருக்கிறது.

காமரனுக்குப் பின் வந்தவர் ஜெர்மானியர். க்ரூம்பிகல் என்று பெயர். டிரெஸ்டன் பக்கத்துக்காரர், கியூ தோட்டத்தில் பழகியவர், 1893-இல் பரோடா மகாராஜாவிடம் வேலைக்கு வந்து, 1908-இல் லால்பாக்குக்கு வந்து, 1932 வரையில் இருந்தார். பெங்களூர்ச் சாலைகளில் ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்த வகை மரம் பூக்கிறதே, வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு தெரு வர்ணமயமாக இருக்கிறதே, அதற்கு வழி காட்டியவர் அவர். கிருஷ்ணராஜ சாகரம் பிருந்தாவனத் தோட்டத்திலும் அவருடைய கை உண்டு. இத்தனை செய்தவரை இரண்டாவது உலக யுத்தம் மூண்டபோது, ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காகப் பகை நாட்டான் என்று காவலில் வைத்தார்கள். அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். விடுதலையானதும் மனம் கசந்து ஊருக்குத் திரும்பினாரா என்றால், இல்லை. பெங்களூரிலேயே இருந்து 1956-இல் பெங்களூர் மண்ணிலேயே அடங்கினார்.

பகைவன் என்ற வார்த்தை இந்தத் தோட்டத்துக்குள் எத்தனை தடவை நுழைந்து, எத்தனை தடவை அர்த்தமிழந்து வெளியேறியிருக்கிறது, பாருங்கள்! சுல்தான் வைத்த மரத்துக்கு வெள்ளைக்காரன் தண்ணீர் விட்டான். வெள்ளைக்காரன் விட்டுப்போன தோட்டத்தை ஜெர்மானியன் அழகு செய்தான். ஜெர்மானியனிடமிருந்து 1932-இல் ஜவராயா ஏற்றுக்கொண்டார்; இந்தத் தோட்டத்துக்குத் தலைமை வகித்த முதல் இந்தியர் அவர். சுதந்திரத்துக்குப் பிறகு 1951-இல் டாக்டர் மரிகௌடா வந்தார். அவர் காலத்தில்தான் தோட்டம் 240 ஏக்கராக விரிந்தது. ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருந்தவரின் மரத்தை வெட்டிவிட்டுத் தம் மரத்தை வைக்க ஆரம்பித்திருந்தால், அங்கே இன்று நாலு பூந்தொட்டிகளும் ஒரு பெயர்ப் பலகையும்தான் மிஞ்சியிருக்கும்.

பெயர்ப் பலகை என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. லால்பாக்கில் பெரிய மனிதர்கள் வந்து நட்ட மரங்கள் பல உண்டு. 1961-இல் வந்த எலிசபெத் மகாராணி கூட ஒரு கன்று நட்டுவிட்டுப் போனார். அப்படிப் பலகை வைத்த ஒரு மரத்தடியில் தோட்டக்காரர் ஒருவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் அந்த மரத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"தமிழ்லேயே கேளுங்க சாமி, பரவாயில்லே" என்றார்.

"பெரியவருக்கு எந்த ஊர்?"

"இதே ஊர்தான் சாமி. எங்க தாத்தா, அவருக்குத் தாத்தா, எல்லாருக்கும் இங்கேதான் கெலசம். நாங்க திகளரு."

கெலசம் என்றால் வேலை. அவருடைய தமிழில் இரண்டு வார்த்தைக்கு ஒன்று கன்னடமாக இருந்தது.

"இந்தப் பலகையில் பேர் போட்டிருக்கிறதே, அவர்தான் இந்த மரத்தை வைத்தாரா?"

"ஆமாம் சாமி. வந்தாங்க, ஒரு சொம்பு தண்ணி ஊத்தினாங்க, போட்டோ பிடிச்சாங்க, போனாங்க. அப்புறம் நாங்க ஊத்தறோம்."

அவர் குரலில் குறை எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். சொல்லிவிட்டுச் சருகைக் கூடையில் அள்ள ஆரம்பித்தார்.

திகளர் என்ற சமூகத்தாரைப் பற்றி நம்மில் அநேகருக்குத் தெரியாது. வன்னிகுல க்ஷத்திரியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இவர்களுடைய பூர்வீகம் தமிழ்நாடு. தோட்ட வேலையில் கை தேர்ந்தவர்கள் என்பதால் ஹைதர் இவர்களை லால்பாக்குக்கு அமர்த்தினார் என்று சொல்லும் வழக்கம் உண்டு. பெங்களூர் ஏரிக்கரைகளில் கீரையும் காய்கறியும் பூவும் பயிரிட்டு நகரத்துக்குக் கொடுத்து வந்தவர்கள் இவர்கள். நம் ஆற்காட்டுப் பக்கத்தில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கிறது அல்லவா? அதே திரௌபதிக்குத்தான் இவர்கள் பெங்களூர்த் தர்மராயர் கோயிலில் சித்திரா பௌர்ணமியை ஒட்டிக் கரகம் எடுக்கிறார்கள். மல்லிகைப் பூவால் மூடிய கரகம் நள்ளிரவில் புறப்பட்டு ஊர்வலமாகப் போகும் வழியில், தவக்கல் மஸ்தான் என்ற முஸ்லிம் மகானுடைய தர்காவிலும் நின்று மரியாதை பெற்றுப் போகிறது. நூற்றாண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. பகைவர் வைத்த செடிக்குத் தண்ணீர் விடும் பழக்கம் இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்கிறவர்கள் அந்த ஊர்வலத்தோடு ஓர் இரவு நடந்து பார்க்கலாம்.

புக்கானன் பெயர் குறிக்காத ஆட்கள் யாராக இருந்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் என்னிடம் இல்லை.

தமிழ்நாட்டுச் சொத்து இன்னொன்றும் லால்பாக்கில் இருக்கிறது. விழுப்புரம் ஜில்லா திருவக்கரையில், வக்கிரகாளி கோயிலுக்குப் பக்கத்தில், கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. அங்கிருந்து கொண்டுவந்த ஒரு மரத்தை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வயது சுமார் 2 கோடி ஆண்டு. பட்டையும் வளையமும் அப்படியே தெரிகின்றன, தொட்டால் கல். அந்த ஒரு மரத்துக்கு மட்டும் யாரும் தண்ணீர் விட வேண்டியதில்லை. மற்றவற்றுக்கெல்லாம் இன்று மாலையும் விட்டாக வேண்டும்.

பெரிய இலவ மரம் ஒன்று இருக்கிறது; அதையும் பாராமல் வந்துவிட வேண்டாம். அதன் வேர்கள் அடிமரத்திலிருந்து சுவர் சுவராகப் புறப்பட்டு நாலு பக்கமும் ஓடுகின்றன. ஒவ்வொரு சுவருக்கும் பின்னால் ஒரு குழந்தை ஒளிந்துகொள்ளலாம். ஏறக்குறைய 200 வயது என்கிறார்கள். கும்பினி, கமிஷனர், மகாராஜா, குடியரசு என்று அத்தனை துரைத்தனங்களையும் அது பார்த்திருக்கும்.

லால்பாக்கை இனிமேல் யாரும் படையெடுத்து வந்து பிடிக்கப்போவதில்லை. ஆனால் நிலத்தின்மேல் கண் விழாமல் இருக்கிறதா? 2009-ஆம் ஆண்டில் நகரத்து மெட்ரோ ரயிலுக்காகத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் வேண்டியிருந்தது. பூங்காச் சட்டத்தைத் திருத்தி எடுத்துக்கொண்டார்கள். மரங்கள் வெட்டப்பட்டபோது பெங்களூர்வாசிகள் திரண்டு வந்து ஆட்சேபித்தார்கள். கிழவர்களும் மாணவர்களும் தினந்தோறும் நடக்க வருகிறவர்களும் கூடினார்கள். ரயிலும் 2017-இல் ஓடத் தொடங்கியது. தோட்டத்தின் பெயராலேயே ஒரு நிலையம் இருக்கிறது. அதில் இறங்கித்தான் இப்போது நாம் லால்பாக் பார்க்கப் போகிறோம். ஆகவே ரயில் விட்டவர்களைக் கொடியவர்கள் என்று ஏசுவதற்கு நமக்கு வாய் வராது. 2025-இல் பூமிக்கடியில் மோட்டார் வண்டிகளுக்குச் சுரங்கப் பாதை போடும் திட்டத்தில் தோட்டத்து நிலத்தின் பேச்சு எழுந்தபோது, மறுபடியும் ஜனங்கள் கூடி வேண்டாம் என்றார்கள்.

இந்தத் தடவை எதிரி யார் என்று கேட்டால் கை நீட்டிக் காட்ட ஆள் இல்லை. சுல்தான் இல்லை, கும்பினி இல்லை. சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிற நம்முடைய தங்கையும் மைத்துனரும்தான் இருக்கிறார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் ஊரில் வழி வேண்டும் என்று கேட்பது நியாயம். மரம் வேண்டும் என்று கேட்பதும் நியாயம். இரண்டு நியாயங்களில் எதற்கு அவசரம் அதிகம் என்று கேட்டால், எப்போதும் வழிக்குத்தான் அவசரம் அதிகம். மரம் காத்திருக்கும். அதற்கு வாய் கிடையாது.

அப்படிப்பட்ட சமயங்களில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது. 1792 பிப்ரவரியில் அந்த லால்பாக்கை வெட்டிய சிப்பாய்கள் மரத்தின்மேல் விரோதம் கொண்டு வெட்டவில்லை. அவர்களுக்கும் அவசரமான காரணம் ஒன்று இருந்தது.